கஜா புயலுக்குப் பிறகு என் பையன் தூங்கவில்லை: உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது?

வேதாரண்யம் பக்கத்து அம்மா:
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது மகனுக்கு ஐந்து வயது. ஓடு ஒவ்வொன்றாகப் பறக்க, அவனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நாங்கள் இருவரும் வாசல்புறம் குறுக்கே படுத்துக்கொண்டோம். ஒரு கீறல்கூட இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அடிபம்புத் தண்ணீரைக் காய்ச்ச விறகெல்லாம் ஈரம். அப்படியே குடித்ததில் வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் மாத்திரை கொடுத்ததில் அது நின்றது. நிற்காதது படுக்கையை நனைப்பது. மூன்று வயதிலேயே விட்டிருந்தான். ஒரு ராத்திரி, மாற்றுத்துணி இல்லாத ஆத்திரத்தில், அடித்துவிட்டேன்.

முகாமுக்கு வந்த டாக்டரம்மா, "பயத்துல போறான், திட்டாதீங்க. எந்தச் சத்தத்துக்கு முழிக்கிறான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். கூரைக்குப் பதிலாகக் கட்டிய தார்ப்பாய் காற்றில் படபடக்கும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறான்! என் வீட்டுக்காரர் ஓரங்களில் மணல் மூட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். அன்றைக்குத்தான் விடிய விடியத் தூங்கினான்.

நாகை, பழைய அங்கன்வாடி ஊழியர்:
சுனாமி முடிந்து ஒரு மாதம் முகாமில் இருந்தேன். எல்லோரும் நெருக்கிப் படுக்கிற இடம், தட்டம்மை பரவினால் அவ்வளவுதான். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் முதலில் போட்டார்கள். பால் பவுடர் டப்பாக்கள் வந்து குவிந்தன. நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், ஆனால் புட்டியைக் கழுவ நல்ல தண்ணீர் எங்கே? தாய்ப்பால் கொடுத்தவர்களும் புட்டிக்கு மாறி, பிள்ளைகளுக்குப் பேதியானது.

மறக்க முடியாதது அந்த விளையாட்டு. மணலில் வீடு கட்டுவார்கள். ஒருவன் "அலை வருது" என்று கத்துவான், எல்லோரும் மேட்டுக்கு ஓடுவார்கள். திரும்பத் திரும்ப. எங்களுக்குத்தான் வயிற்றைப் பிசையும், தடுத்தோம். தடுத்தால் ஒளிந்து விளையாடினார்கள், சரி என்று விட்டுவிட்டோம். சில வாரம் கழித்து ஒரு பெண், ஓடும்போது ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அதன் பெயர் தம்பி. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

முடிச்சூர்க்காரன்:
2015 டிசம்பர், சென்னை வெள்ளம். எங்களுக்குத் தொல்லை வந்தது தண்ணீர் வடிந்த பிறகு. சுவர் காய்வதற்குள் பெயிண்ட் அடித்தோம். உள்ளே ஈரம், மேலே கருப்புப் பூஞ்சை, மகளுக்கு ராத்திரியெல்லாம் வீசிங். கடைசியில் பெயிண்டைச் சுரண்டி, வெயில் ஏறும்வரை ஜன்னலைத் திறந்தே போட்டோம். வேதாரண்யத்து அக்கா, தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

வேதாரண்யம் பக்கத்து அம்மா:
நன்றாகத் தூங்குகிறான் தம்பி. புயல் கூண்டு ஏற்றியதாக டிவியில் சொன்னால் மட்டும் ஸ்கூல் பையை உரச்சாக்கில் போட்டுக் கட்டி பீரோ மேல் வைத்துவிடுவான். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.