பக்கத்துக் கொல்லை ஆடுகளை எங்கள் நாய் கடித்ததாகப் புகார்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: மாந்தோப்பு (பாலக்கோடு வட்டம்)

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்திலுள்ள ஒரு சிற்றூரில் எங்கள் நிலம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குட்டியாக வந்து ஒண்டிக்கொண்ட நாட்டு நாய் ஒன்று எங்கள் கொல்லையிலேயே வளர்ந்துவிட்டது. நாங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. அதற்குக் கழுத்துப்பட்டை கிடையாது. ஊராட்சியில் எந்தப் பதிவும் இல்லை. ஆனால் சோறு வைப்பவர்களும், கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுபவர்களும் நாங்கள்தாம். தக்காளிக்கும் மாங்காய்க்கும் இரவுக் காவல் அதுதான்.

சென்ற வாரம் ஓர் இரவில் பக்கத்துக் கொல்லைக்காரருடைய வெள்ளாடுகளில் மூன்று கடிபட்டு இறந்தன. அவற்றில் ஒன்று சினையாடு. இன்னும் இரண்டு காயத்தோடு பிழைத்துள்ளன. சத்தம் கேட்டு ஓடிய அவருடைய மனைவிக்கும் முன்கையில் பல் பட்டிருக்கிறது. அவர்கள் விளக்கடித்துப் பார்த்தபோது எங்கள் நாயும் ஊர்த் தெருநாய்கள் இரண்டும் பட்டியைத் தாண்டி ஓடினவாம். மறுநாள் காலையில் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை அவர் இதுவரை எங்களிடம் காட்டவில்லை.

அவர் எனக்குப் பெரியப்பா முறை. 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்காவிட்டால் காவல் நிலையத்துக்குப் போவதாகவும், அதற்கு முன்பே கறியில் மருந்து வைத்து நாயைத் தீர்த்துவிடுவதாகவும் பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்களோ, கோயிலுக்குத் தெண்டம் கட்டிவிட்டு நாயைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர், "அது நம் நாயே இல்லை, தெருநாய் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் அரசு நிவாரணம் கிடைக்கும், நமக்கும் செலவில்லை" என்று யோசனை சொல்கிறார். முன்பு ஒரு முறை அது அவருடைய ஆடுகளை விரட்டியதாக அவர் சொன்னதிலிருந்து பகலில் கட்டித்தான் வைக்கிறோம். இரவில் காவலுக்காக அவிழ்த்து விடுவோம். சட்டப்படி எங்கள் பொறுப்பு எவ்வளவு, இதில் எதற்குக் கட்டுப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சிவில் வழக்குரைஞர் (கிருஷ்ணகிரி)

முதலில் "எங்கள் நாயே இல்லை" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவைப் போலவே, "உரிமையாளர்" என்று பேசவில்லை. தன் வசத்திலுள்ள விலங்கை வைத்திருப்பவர் என்றே பேசுகிறது. சோறு வைத்து, தடுப்பூசி போட்டு, பகலில் கட்டி, இரவில் அவிழ்த்து விடுபவரின் வசத்தில் அந்த நாய் இல்லை என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. தடுப்பூசி அட்டையில் உங்கள் குடும்பத்தார் பெயர்தானே இருக்கும்? பதிவோ உரிமமோ எடுக்காததால் பொறுப்பு குறையாது. தெருநாய் என்று பொய்யாக எழுதிக் கொடுத்து நிவாரணம் பெற வைத்தால், அது அரசுப் பணத்தை மோசடியாகப் பெறத் துணைபோவதாகும்; இப்போதுள்ள வழக்கைவிட அது பெரிய தொல்லை.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. 291-ஆம் பிரிவு மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையில் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காமல் விடுவதைத்தான் தண்டிக்கிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடு செத்ததற்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பெரியம்மாவின் கையில் பல் பட்டிருப்பதால் அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆடுகளுக்கான இழப்பு உரிமையியல் சார்ந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "60,000 கொடு, இல்லாவிட்டால் போலீஸ்" என்று பேசுவதால்தான் ஊர்களில் இத்தகைய தகராறுகள் முற்றுகின்றன.

உரிமையியல் பக்கம் உங்கள் நிலை அவ்வளவு வலுவாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். புலி, கரடி போன்ற இயல்பிலேயே ஆபத்தான விலங்கை வைத்திருப்பவர் கவனமாக இருந்தாலும் பொறுப்பாளிதான். நாய் அந்த வகையல்ல. ஆகவே அந்தக் குறிப்பிட்ட நாய்க்குக் கெட்ட குணம் உண்டென்று வைத்திருப்பவருக்கு முன்பே தெரிந்திருந்ததா, அல்லது அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்பதைத்தான் நம் நீதிமன்றங்கள் பார்க்கும். ஆடுகளை விரட்டியதாக அவர் முன்பே சொன்னார், அதற்காகப் பகலில் கட்டத் தொடங்கினீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குணம் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை; தெரிந்தும் இரவில் வேலியில்லாத கொல்லையில் அவிழ்த்து விட்டது கவனக்குறைவு என்றே எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் தரப்பில் சொல்லக்கூடியது, பட்டி அடைப்பு எந்த நிலையில் இருந்தது என்பதும், கடித்தவை எவை என்று உறுதியாகக் கண்டவர்கள் உண்டா என்பதும்தான்.

தெருநாய்கள் இரண்டும் சேர்ந்து கடித்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடாக வந்த ஆர்னெயில் எதிர் பேட்டர்சன் என்ற 1931-ஆம் ஆண்டு வழக்கில், இரண்டு வெவ்வேறு உரிமையாளர்களின் நாய்கள் சேர்ந்து செம்மறியாடுகளைத் தாக்கியபோது, ஒவ்வோர் உரிமையாளரும் முழு இழப்புக்கும் பொறுப்பு என்று தீர்ப்பானது. அது அந்நாட்டு நாய்ச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பங்கு போட்டுக் கணக்குச் சொல்வதை எவரும் எளிதில் ஏற்கமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பெரியப்பாவின் பக்கம். நாய் ஆட்டின் மீது பாய்ந்துகொண்டிருக்கும் வேளையில் அதைத் தடுக்க அடித்து, அதனால் அது செத்துப்போனால், பெருங்கேட்டைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்த செயல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவின் கீழ் அவர் வாதாட இடம் உண்டு. ஒரு வாரம் கழித்துக் கறியில் மருந்து வைப்பதற்கு அந்த வாதம் செல்லாது. 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கும் நஞ்சு வைப்பதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் விலங்கின் மதிப்பு பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறும்; இப்போது அந்தப் பாகுபாடு இல்லை. அந்தக் கறியைத் தின்ற காக்கையோ நாயோ எங்கோ போய்ச் செத்து, அதைக் கொத்தி மயில் ஒன்று செத்தால், வனத்துறை வழக்கும் சேரும். மயில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. இதை மிரட்டலாக அல்லாமல், பொதுவான உறவினர் ஒருவர் மூலம் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவதில் தவறில்லை. ஆனால் தெண்டம் விதிக்க அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. நாயைக் காட்டில் விடுவதும் கூடாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறாமலிருப்பது வெட்கக்கேடு. தொகை சிறிதென்பதற்காகக் குற்றம் குற்றமல்லாமல் போய்விடாது.

என் ஆலோசனை இதுதான். இருவரும் சேர்ந்து வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்றைக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உறவுக்குள் நடக்கும் தகராறுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பதில்: கால்நடைப் பணி, ஓய்வு (தருமபுரி)

சட்டத்தை வழக்குரைஞர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னதாகப் பார்க்க வேண்டியது அந்த அம்மாவின் கை. கீறலாக இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் தொடங்கும் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறை போடுவார்கள். இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரத மருந்தும் தேவை. உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்பதால் அவர்கள் ஊசியைத் தவிர்த்துவிடக் கூடாது, ஏனெனில் கடித்தது எந்த நாய் என்றே தெரியாது. இதுவரை தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். வாகனச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். கடிபட்டுப் பிழைத்த இரண்டு ஆடுகளுக்கும் தடுப்பூசி வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடித்ததாகச் சந்தேகிக்கப்படும் நாயைப் பத்து நாள் உயிரோடு கட்டிவைத்துக் கவனிப்பது வழக்கம். அதற்குள் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்று கொள்ளலாம். மருந்து வைத்துக் கொன்றுவிட்டால் அந்த நிம்மதி பெரியம்மாவுக்குக் கிடைக்காமல் போய்விடும். பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் சட்டப் பிரிவுகளைவிட விரைவாகப் புரியும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளைக் கட்டாயம் பாருங்கள். நாய்கள் பெரும்பாலும் பின்னங்கால், தொடை, விலாப்புறம் என்று பல இடங்களில் கடித்துக் குதறும். தின்னாமலே அடுத்த ஆட்டுக்குத் தாவும். சிறுத்தை என்றால் தொண்டையில் ஆழமான கோரைப்பல் துளைகள் இருக்கும், இழுத்துச் சென்று தின்றிருக்கும். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் காட்டை ஒட்டிய ஊர்களில் இந்த ஐயம் எழுவது இயல்பு. மூன்று செத்து, இரண்டு காயம்பட்டு, எதையும் தின்னவில்லை என்றால் நாய்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

பதில்: ஆட்டுக்காரன் (போச்சம்பள்ளி)

எல்லோரும் நாய்க்காரர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன். மூன்று வெள்ளாடுகளை ஒரே இரவில் இழப்பது ஒரு சிறு விவசாயிக்குப் பிள்ளைகளின் பள்ளிச் செலவையே இழப்பதாகும். அவர் கேட்கும் தொகை அதிகமா, குறைவா என்பதைச் சந்தையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ அதே வயது, அதே எடை ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று இருவருக்கும் பொதுவான ஓர் ஆடு வியாபாரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சினையாட்டுக்குக் கூடுதல் விலை உண்டு. அதைக் கறி எடையில் மட்டும் கணக்கிடுவது நியாயமன்று. காயப்பட்ட இரண்டின் வைத்தியச் செலவையும் சேருங்கள்.

தெருநாய்கள் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு 2025-இல் அரசு அறிவித்த நிவாரணம் சந்தை விலைக்கு ஈடாகாது. வளர்ப்பு நாய் என்று தெரிந்த பிறகு அதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பது, உறவுக்காரர் ஒருவருக்குச் செய்யும் காரியமில்லை. இன்னொன்று: ஆடு கடித்துப் பழகிய நாய் மறுபடியும் போகும். பணம் கொடுத்தாலும் நாய் இரவில் திரிந்தால் தகராறு தீராது.

கேள்வி கேட்டவர்: மாந்தோப்பு

அனைவருக்கும் நன்றி. பெரியம்மாவுக்கு மறுநாளே முதல் ஊசி போட்டுவிட்டதாக அறிந்தேன். நாய் இப்போது கட்டுத்தறியில் இருக்கிறது. விலை பேச ஒரு வியாபாரியை அழைக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டுள்ளோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன: நாயை எப்போதும் கட்டியே வைத்தால் அதுவும் குற்றமா? பணம் கொடுத்து எழுதி வாங்கிய பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியாமல் போகுமா?

பதில்: சிவில் வழக்குரைஞர் (கிருஷ்ணகிரி)

எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், கட்டிய நாய்க்கு நடமாட்டமே கொடுக்காமலிருப்பதும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் அதே 11-ஆம் பிரிவில் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே வீட்டைச் சுற்றியாவது நாய் தாண்ட முடியாத கம்பிவலை வேலி போட்டு, இரவில் அதற்குள் மட்டும் அவிழ்த்து விடுங்கள். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். நாளைக்கு மறுபடியும் ஏதாவது நேர்ந்தால், நீங்கள் எடுத்த கவனத்துக்கு அந்த வேலி சான்றாக நிற்கும். கருத்தடை அறுவையும் செய்துவிட்டால் ஊர் சுற்றும் ஆசை ஓரளவு அடங்கும்.

இரண்டாவது கேள்விக்கு: உடன்படிக்கை ஆடுகளுக்கான இழப்பீட்டை முடித்துவைக்கும். 291-ஆம் பிரிவுக் குற்றம், தரப்பினர் தாமாகச் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால், சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில்தான் வழக்கை ரத்து செய்யக் கோர முடியும். ஆகையால் புகார் பதிவாகும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் மருத்துவச் செலவையும் அந்த மனுவிலேயே தனியாகக் குறிப்பிட்டு, அவர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள், ஏனெனில் காயம்பட்டவர் அவர். பெரியப்பாவின் கையெழுத்து அதற்குப் போதாது. அதற்கு முன்பே முன்பணம் ஏதேனும் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத் தலை ஒட்டி, "இறந்த மூன்று வெள்ளாடுகளுக்கான இழப்பீட்டில் ஒரு பகுதி" என்று தெளிவாக எழுதிய ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.