குளியலறைச் சுவரில் ஏறிய பாம்பு: கட்டுவிரியனா, இல்லையா?

தரைத்தளத்து அம்மா:
பெங்களூரு கனகபுரா ரோட்டில் தலகட்டபுரா பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். பின்னால் காலி மனை, முழுக்கப் புதர். நேற்று ராத்திரி பதினொரு மணிக்குக் குளியலறைச் சுவரில், குழாய்க்கு மேலே, ஒரு முழ நீளத்தில் பழுப்பாக ஒரு பாம்பு. உடம்பெல்லாம் வெள்ளைப் பட்டை. செக்யூரிட்டி வந்து பார்த்த உடனே "கட்டு ஹாவு, கட்டு ஹாவு" (கன்னடத்தில் கட்டுவிரியன்) என்று கத்திக்கொண்டே கட்டையால் அடித்துவிட்டார். ஏழாவது படிக்கும் என் பையன் அது கட்டுவிரியனே இல்லை என்று அழுகிறான். பட்டைகள் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் போகப்போக மங்கிவிட்டன, தலை தட்டையாக இருந்தது. முக்கோணத் தலை இருந்தால்தான் விஷம் என்கிறார் மாமியார். எதை நம்புவது?

சாரை ரசிகன்:
பையன் சொன்னதுதான் சரி அக்கா. நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே ஓநாய்ப் பாம்பு. விஷம் கிடையாது, பல்லி பிடிக்க வீட்டுக்குள் வரும், சுவரில் சர்வசாதாரணமாக ஏறும். கட்டுவிரியன் நல்ல பளபளப்பான கருப்பு. அதற்குத் தலையை ஒட்டிக் கொஞ்ச தூரம் பட்டையே இருக்காது, அப்புறம் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். அதாவது நீங்கள் பார்த்ததற்கு நேர் தலைகீழ். முதுகின் நடுவே அறுகோணமாகப் பெரிய செதில் வரிசை ஒன்றும் ஓடும், ஆனால் அதைப் பார்க்கிற அளவுக்குக் கிட்டே போகக் கூடாது! செத்துவிட்டது என்று கையில் எடுக்கவும் வேண்டாம், அடிபட்ட பாம்பின் தலை கொஞ்ச நேரம் கழித்தும் கடிக்கும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை. பூனைப் பாம்புக்கு இருக்கிறது, ஆனால் அந்தப் பாம்பால் மனிதருக்கு ஆபத்தே இல்லை.

ஓசூர்க்காரன்:
பட்டையைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் சுவரில் ஏறியதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், கட்டுவிரியன் கூரையில் இருந்து விழுந்த கதைகளும் உண்டு. என்னைக் கேட்டால் அதைவிட மோசமான குழப்பம் கண்ணாடி விரியன்தான். ஆனேக்கல் பக்கம் நண்பனின் தோட்டத்தில் ஒரு வேலைக்காரர் மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுக்கப் போனார், அது குக்கர் விசில் மாதிரி சீறியதால்தான் தப்பித்தார். முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி மாதிரி வட்டங்கள், ஒழுங்காக இருந்தால் அது கண்ணாடி விரியன், கன்னடத்தில் கொளகு மண்டல என்பார்கள். மலைப்பாம்புக்குத் திட்டுகள் கோணல்மாணலாக, மேப் வரைந்த மாதிரி இருக்கும். மண்ணுளியும் இதே குழப்பத்தில் மாட்டுகிற ஜீவன்தான், குட்டை வாலைப் பார்த்தால் தெரியும்.

சாரையை நல்ல பாம்பு என்று அடித்துக் கொல்வது தனிச் சோகம். படம் எடுக்காத நேரத்தில் நல்ல பாம்பும் சாரை மாதிரிதான் போகும். சாரைக்குக் கண் பெரிது, உதட்டோரம் கருப்புக் கோடுகள் இருக்கும்.

இரவு ஷிஃப்ட்:
நான் நர்ஸ், அதனால் வேறு பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கடிபட்டவரோடு பாம்பையும் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். டாக்டர் அறிகுறியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் சந்தேகம் என்றால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார், அப்புறம் இமை தொங்கும், மூச்சு திணறும். கடிவாய் தெரியவில்லை என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் கூடாது, கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கர்நாடகாவில் 2024 முதல் ஆஸ்பத்திரிகள் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் இருளர்கள் 1978ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து வந்தது என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். அவர்களில் இரண்டு பேருக்கு 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தரைத்தளத்து அம்மா:
ரொம்ப நன்றி. போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முதுகில் அந்த அறுகோணச் செதில் இல்லை. பையன் "நான் அப்பவே சொன்னேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். தண்ணீர் போகிற ஓட்டைக்கு இன்று சல்லடை மூடி போட்டாயிற்று. செக்யூரிட்டி அண்ணனிடம் சாயங்காலம் பேசுகிறேன், பாவம், அவரும் பயத்தில்தான் அடித்தார். பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிற நம்பகமான ஆள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.