பழைய படகு யார்டு இடத்துல ஃபிளாட், மண்மேட்ட இன்னும் எடுக்கல, வெயிட் பண்ணலாமா?

ராயபுரத்தான்:
காசிமேடு பக்கம் முன்ன படகு ரிப்பேர் யார்டா இருந்த இடத்துல ஃபிளாட் புக் பண்ணிருக்கேன். படகு ஏத்துற பள்ளத்த எல்லாம் எப்பவோ ரப்பிஷ் கொட்டி மூடிட்டாங்களாம். இப்ப போய் பாத்தா பில்டிங் வேலையே காணோம், 3 மீட்டர் உயரத்துக்கு மண்ண குவிச்சு வெச்சிருக்காங்க, ஓரத்துல வெள்ள ரிப்பன் மாதிரி வரிசையா நீட்டிக்கிட்டு நிக்குது. கேட்டா மண்ணு செட்டில் ஆகணும் இன்னும் 5 மாசம்ங்கறாங்க. எங்க மாமா "காசு இல்லாம இழுத்தடிக்கிறான், பைல் (ஆழத்துல இறக்குற கான்கிரீட் தூண்) அடிச்சு நேரா மேல ஏத்த வேண்டியதுதானே"ங்கறார். வாடகையும் இஎம்ஐயும் சேந்து கழுத்த பிடிக்குது. கேன்சல் பண்ணிடலாமா?

களிமண்காரன்:
பாஸ் அவசரப்படாதீங்க, மண்மேடே போடாம கட்ட ஆரம்பிச்சிருந்தாதான் பயப்படணும். அந்த ரிப்பன் பேரு பிவிடி. 10 செ.மீ அகலத்துல பிளாஸ்டிக் பட்டை, மேல துணி மாதிரி ஃபில்டர், மெஷின் வெச்சு கீழ இருக்குற ஈரக் களிமண்ணோட அடி வரைக்கும் சொருகுவாங்க. தயிர துணியில கட்டி மேல அம்மிக்கல்ல வெச்சா தண்ணி இறங்குதுல்ல, அதேதான், 3 மீட்டர் மண்ணுன்னா சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல வெயிட்டு. தண்ணி வெளிய போற தூரம் பாதியானா நேரம் கால் பங்காயிடும், அதனாலதான் மீட்டருக்கு ஒண்ணு ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணுன்னு நடுறாங்க, பட்டை இல்லாம விட்டா வருஷக்கணக்குல ஆகுறது மாசத்துல முடியும். ஐஎஸ் 15284 பாகம் 2ன்னு இந்திய தரவிதியே இதுக்குன்னு இருக்கு.

இழுத்தடிக்கிறானான்னு தெரியணுமா, மேட்டுக்கு நடுவுல இரும்பு பைப் நிக்குதா பாருங்க. அடியில தகடு இருக்கும், செட்டில்மென்ட் பிளேட். அடிக்கடி லெவல் எடுத்து கிராஃப் போட்டிருக்கணும், முதல்ல மடமடன்னு இறங்கி அப்புறம் கோடு தட்டையாகும். அத காட்ட மாட்டேன்னா உங்க மாமா சொல்றது சரி.

பார்க்கிங்போச்சு:
பைல் அடிச்சா போதும்ங்கறவங்க எங்க அபார்ட்மென்ட்டுக்கு ஒரு தடவ வாங்க. பில்டிங் கல்லு மாதிரி நிக்குது, ஒரு விரிசல் இல்ல. சுத்தி இருக்குற தரைதான் இறங்கிடுச்சு. வாசப்படிக்கு கீழ புதுசா ஒரு படி கட்டினோம், மூணாவது மழைக்கு அதுவும் பத்தல. பாத்ரூம் லைன் சுவத்த விட்டு வெளிய வர்ற எடத்துல ரெண்டு தடவ ஒடிஞ்சு சம்ப்புக்குள்ள சாக்கடை கலந்து... சாப்பிட்டுட்டு இருக்கீங்கன்னா சொல்லல.

களிமண்காரன்:
அதேதான். அதுவும் இல்லாம இறங்குற மண்ணு பைலையும் கூட சேத்து கீழ இழுக்கும், டிசைன்ல அந்த லோடையும் எடுத்துருக்கணும். லண்டன்ல சர்ரே டாக்ஸ்ங்கற கப்பல் துறைய 1970 வாக்குல மூடினாங்க, முக்கால்வாசி டாக்க மண்ணடிச்சு தூத்துட்டுதான் பின்னாடி வீடு வந்துச்சு, அந்த மாதிரி எடத்துல எல்லாம் தலைவலி பழைய சுவருதான். புதைஞ்ச கருங்கல் சுவரு மேல பாதி, ரப்பிஷ் மேல பாதின்னு கட்டடம் உக்காந்தா ஒரு பக்கம் அசையாது, ஒரு பக்கம் இறங்கும். உங்க பிளாக் பழைய பள்ளத்தோட ஓரத்துல வருதான்னு சாயில் ரிப்போர்ட்டோட சேத்து பழைய வரைபடத்தையும் கேளுங்க.

ராயபுரத்தான்:
போய் பாத்துட்டேன் சார். பைப் மூணு இருக்கு. ஒண்ணுல வாட்ச்மேன் லுங்கி காயுது. கிராஃப் இன்ஜினியர் லேப்டாப்ல இருக்காம், திங்கக்கிழமை வரச் சொன்னாங்க, மாமாவையும் கூட்டிட்டு போறேன்.

பார்க்கிங்போச்சு:
லுங்கிய எடுத்துட்டுதான் லெவல் பாக்குறாங்களான்னும் கேட்டுட்டு வாங்க 😄