ஜிடெஸ்ட்: எழுதினது 12, ஓடுறது 0. அவசரம்!

குட்டிப்புலி:
ஜிடெஸ்ட்ல (கூகுளோட சி++ டெஸ்ட் லைப்ரரி) எழுதின டெஸ்ட் எல்லாம் கம்பைல் ஆகுது, எர்ரரே இல்ல. ரன் பண்ணா "0 டெஸ்ட்"னு வருது. நேத்து வரைக்கும் ஓடிச்சு, எதுவும் மாத்தல. சாயங்காலம் டெமோ. ப்ளீஸ்.

ராத்திரி_ஷிஃப்ட்:
எந்த ஓஎஸ்? எதுல பில்ட் பண்றீங்க?

மோர்மிளகாய்:
பில்ட் ஃபோல்டரை அழிச்சிட்டு முதல்ல இருந்து பில்ட் பண்ணுங்க. சிமேக் (பில்ட் ஃபைல் தயாரிக்கிற டூல்) சேர்த்து வச்ச பழைய கேஷ்தான் சதி பண்ணுது.

குட்டிப்புலி:
அழிச்சாச்சு, அதே கதைதான். உபுண்டு 22.04. சிமேக்தான்.

கம்பைலர்_தாத்தா:
"எதுவும் மாத்தல"ன்னு வர்றவங்களை இருபது வருஷமா பாக்குறேன் தம்பி. சிமேக் ஃபைலைக் காட்டாம கேட்டா இங்க யாரும் ஜோசியக்காரங்க இல்ல.

குட்டிப்புலி:
ஃபோல்டர் வாரியா பிரிச்சேன், அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபோல்டர் டெஸ்ட்டும் ஒரு ஸ்டேடிக் லைப்ரரி. கடைசில ஜிடெஸ்ட்_மெயினோட (மெயின் ஃபங்ஷன் தர்ற லைப்ரரி) சேர்த்து ஒரே ரன்னர், எல்லா டெஸ்ட்டையும் ஓட்டுற ப்ரோக்ராம்.

ராத்திரி_ஷிஃப்ட்:
அதேதான் வியாதி. ஸ்டேடிக் லைப்ரரிங்கிறது ஆப்ஜெக்ட் ஃபைல் (சோர்ஸ் ஃபைல் கம்பைல் ஆகி வர்றது) மூட்டை. யாராவது ஒரு சிம்பலைக் (ஃபங்ஷன், வேரியபிள் பேரு) கேட்டாதான் லிங்க்கர் (இதையெல்லாம் சேர்த்து ப்ரோக்ராம் ஆக்குறது) அது இருக்கிற ஃபைலை வெளிய எடுக்கும். மெயினை எல்லாரும் தேடுவாங்க, வந்துடும். டெஸ்ட் மேக்ரோவோ தன்னைத்தானே பதிவு பண்ணிக்கும், வெளியில இருந்து அதை யாரும் கூப்பிடறதில்ல. அதனால மூட்டையிலயே கிடக்கும். ஸ்டேடிக்னு இருக்கிற இடத்துல ஆப்ஜெக்ட்னு போட்டு ரன்னரோட நேரடியா லிங்க் பண்ணுங்க. நடுவுல வேற லைப்ரரி வச்சா ஆப்ஜெக்ட் ஃபைல் ரன்னர் வரைக்கும் வராது.

கம்பைலர்_தாத்தா:
இதுக்குப் போய் ஆப்ஜெக்ட் லைப்ரரியா? லிங்க்_லைப்ரரி எக்ஸ்பிரஷன்ல ஹோல்_ஆர்க்கைவ் (மூட்டையை முழுசா சேர்க்கச் சொல்றது) போட்டா ஒரே வரி. டாக்குமென்டேஷன் படிக்கிற பழக்கமே போயிடுச்சு.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஐயா, அது சிமேக் 3.24ல வந்தது. உபுண்டு 22.04 கூட வர்றது 3.22. :)

மோர்மிளகாய்:
குளோப் (ஃபோல்டர்ல இருக்கிற ஃபைலையெல்லாம் தானா பொறுக்குற சிமேக் கட்டளை) போட்டு எல்லா டெஸ்ட் ஃபைலையும் ரன்னர்லயே சேர்த்தா இந்தத் தலைவலியே இல்லையே?

கம்பைலர்_தாத்தா:
குளோப்! புது ஃபைல் சேர்த்தா சிமேக் கண்டுக்காது.

மோர்மிளகாய்:
ஒவ்வொரு பில்ட்லயும் குளோப்பை மறுபடி பாக்கச் சொல்ற கான்ஃபிகர்_டிபென்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, 3.12லயே வந்தாச்சு. டாக்குமென்டேஷன்ல இருக்கு தாத்தா.

கம்பைலர்_தாத்தா:
அதையும் படிங்க. அங்கயே குளோப் வேண்டாம்னுதான் எழுதியிருக்கு.

ராத்திரி_ஷிஃப்ட்:
குளோப் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. புலி, இன்னொண்ணு: 0 டெஸ்ட் ஓடினாலும் ஜிடெஸ்ட் வெற்றின்னுதான் திரும்பும், சிஐ (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற சிஸ்டம்) பச்சையாவே இருக்கும். எண்ணிக்கையையும் பாருங்க.

குட்டிப்புலி:
ஆப்ஜெக்ட் போட்டேன், 12ம் ஓடுது. 3 ஃபெயில். டெமோவுக்குக் கிளம்புறேன்.