ஆன்லைன் கோர்ஸ் முடிச்சா ரெரா லைசென்ஸ் கிடைச்சுருமுங்களா?

பவானிக்கரை, கோபி:
வணக்கமுங்க. பி.காம். முடிச்சுட்டு, இடம் பேசி முடிக்கிற வேலைக்கு அப்பாகூடப் போயிட்டிருக்கேன். இதுவரைக்கும் காடு, தோட்டம்தான். இப்ப சத்தி ரோட்டுல லேஅவுட் போட்டவங்க சைட் வித்துத்தரக் கூப்பிடறாங்க, ரெரா பதிவு வேணுமாம். வீட்டுல இருந்தே படிச்சா லைசென்ஸ் கையில தர்றோம்னு ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமுங்களா?

பத்திரக்காரர், பெருந்துறை:
அவசரப்பட்டுக் கட்டிடாதீங்க அம்மிணி. கோர்ஸ் நடத்தறவங்க சான்றிதழ்தான் தர முடியும். 2016ஆம் வருசத்து ரியல் எஸ்டேட் சட்டம் 9ஆம் பிரிவுப்படி ஏஜெண்டுக்குப் பதிவு தர்றது ரெராங்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் மட்டும்தான். நமக்கு அது சென்னையில இருக்குது, விண்ணப்பம் ஆன்லைன்லயே போடலாம். பதிவு 5 வருசத்துக்குச் செல்லும். அப்பா தோட்டம் பேசி முடிக்க இது தேவையில்லை. ஆணையத்துல பதிவான லேஅவுட்டுல சைட் வித்தா கட்டாயம் வேணும். பதிவில்லாம வித்தா நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில 5 சதவீதம் வரைக்கும் ஏறும்.

படிக்க வேண்டாம்னு சொல்ல வரலீங்க. நானும் அந்த மாதிரி வகுப்பு ஒண்ணு கேட்டேன். சட்டப் பகுதி அருமையா இருந்துச்சு. ஆனா பாடம் மகாராஷ்டிராவுக்குப் போட்டது. நிலப் பதிவுன்னு வந்தா முழுக்க அங்கத்த சாத்-பாரா காகிதந்தான். பட்டா, சிட்டா, அ-பதிவேடு பத்தி ஒரு வரி இல்லை.

நம்மூருக்கு வேண்டியது பத்திரம் படிக்கிற கண்ணு. தாய்ப்பத்திரத்துல, அதாவது அந்த இடத்தோட பழைய மூலப் பத்திரத்துல, சொத்து விவரத்தோட கடைசி வரியைப் பாருங்க. "பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்"னு எழுதியிருக்கும். அந்தக் கிணத்துல மீதிப் பங்கு பங்காளிகளோடது. அதை மூடிட்டு சைட் போட்டிருந்தா, வாங்கினவங்க வீடு கட்டும்போதுதான் வழக்கு வரும். வில்லங்கச் சான்றுல இது பெரும்பாலும் தெரியாது. சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கறவங்க நம்ம வாய்ப்பேச்சை நம்பித்தானே கையெழுத்துப் போடறாங்க?

வடவள்ளிக்காரன்:
என் மச்சினர் புனேல ஏஜெண்ட். அங்க 2023லிருந்து ஏஜெண்டுகளுக்கு 20 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். பயிற்சியை ராத்திரியில ஆன்லைன்லயே முடிச்சார். அந்த ஊருக்கு அது சரி.

பவானிக்கரை, கோபி:
ரொம்ப நன்றிங்கண்ணா. பத்திரம் படிக்க எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

பத்திரக்காரர், பெருந்துறை:
அப்பா முடிச்சுக் குடுத்த கிரயப் பத்திரம் ஒண்ணை எடுங்க. பதிவுத்துறை இணையதளத்துல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, பார்க்கக் காசில்லை. பட்டாவையும் எடுத்து, பேரு, சர்வே நம்பர், விஸ்தீரணம் எல்லாம் பத்திரத்தோட ஒத்துப்போகுதான்னு வரிவரியாப் பாருங்க. எங்க ஒத்துப்போகலையோ அந்த இடத்தை இங்க எழுதுங்க, சேர்ந்து பார்க்கலாம். பேரையும் சர்வே நம்பரையும் மட்டும் மறைச்சுருங்க.