ஐ5-2500கே, 4.5 கிகாஹெர்ட்ஸ்: இத்தனை நாள் ஓடினது இப்போ நிலையா ஓட மாட்டேங்குது

கேள்வி:
ஓவர்கிளாக் (நிர்ணயிச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது) பண்ணின இன்டெல் ஐ5-2500கே ப்ராசசர், பி67 மதர்போர்டு, டவர் ஏர் கூலர், ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு, பழைய 650 வாட் பவர் சப்ளை. மல்டிப்ளையர் (அடிப்படை கிளாக்கைப் பெருக்கற எண்) 45, ஆஃப்செட் மோடு (சிப் கேட்கற வோல்டேஜோட கூட்டி இல்ல கழிச்சுக் கொடுக்கறது), எல்எல்சி (லோடுல வோல்டேஜ் சரியாம தாங்கற அமைப்பு) உச்சத்துல, லோடுல விகோர் (சிபியூவுக்குப் போற வோல்டேஜ்) 1.32 வோல்ட். சமீபத்துல இன்னும் ரெண்டு 4 ஜிபி ரேம் குச்சி போட்டு 16 ஜிபி ஆக்கினேன், எக்ஸ்எம்பி (ரேமோட வேகத்தைத் தானா அமைக்கற புரொஃபைல்) 1600. இப்போ கேம் ஓடும்போது 0எக்ஸ்124 நீலத்திரை, சில நேரம் 0எக்ஸ்1ஏ. கேமை மூடிட்டு டெஸ்க்டாப்ல சும்மா இருந்தா அப்படியே ஃப்ரீஸ். பிரைம்95-ல (சிபியூவுக்கு முழு லோடு கொடுத்துச் சோதிக்கற சாஃப்ட்வேர்) டெம்பரேச்சர் 74 டிகிரிதான். விகோர் 1.36 வரை ஏத்தியும் மாறல. சிப் போயிடுச்சா?

பதில் 1:
வோல்டேஜ் ஏத்தறதை முதல்ல நிறுத்துங்க ப்ரோ. 0எக்ஸ்124 இந்தச் சிப்புல பெரும்பாலும் விகோர் பத்தாததைக் காட்டும். 0எக்ஸ்1ஏ மெமரி பக்கம் கை காட்டும். ரெண்டும் கலந்து வருதுன்னா ரெண்டையும் பிரிச்சுத்தான் பார்க்கணும்.

முக்கியமான ஃபைலுக்கு பேக்கப் எடுத்துட்டு, பயாஸ்ல டீஃபால்ட் லோட் பண்ணுங்க. ரேம் 1333-க்கு வந்துடும். ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86+ நாலு பாஸ் (முழுச் சுற்று) ஓடட்டும். பிறகு சிபியூவைத் தொடாம எக்ஸ்எம்பி மட்டும் ஆன் பண்ணி மறுபடி ஓட்டுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான். ஓவர்கிளாக்கோட மெம்டெஸ்ட் ஓட்டினா எரர் யாரால வந்ததுன்னே தெரியாது.

பிசிஎல்கே (அடிப்படை கிளாக்) 100-லயே இருக்கட்டும். இந்தத் தலைமுறைல பிசிஐ எக்ஸ்பிரஸும் சாட்டாவும் அதே கிளாக்லதான் தொங்குது. கொஞ்சம் ஏத்தினாலே டிஸ்க் பக்கம் கோளாறு வரும்.

கேட்டவர்:
டீஃபால்ட்ல சுத்தம். 1600-ல நாலு குச்சியும் போட்டா எரர், எந்த ஜோடியைத் தனியா போட்டாலும் எரர் இல்ல.

பதில் 1:
அப்போ குச்சி கெட்டுப்போகல, நாலையும் ஒண்ணா இழுக்க மெமரி கன்ட்ரோலர் திணறுது. இந்தச் சிப்புக்கு அதிகாரபூர்வ வேகமே 1333தான். கமாண்ட் ரேட்டை (ரேமுக்குக் கட்டளை அனுப்ப எடுத்துக்கற கிளாக் எண்ணிக்கை) 2டி ஆக்குங்க. விசிசிஐஓ (மெமரி கன்ட்ரோலர் பக்க வோல்டேஜ்) 1.05-ல இருந்தா 1.10-க்கு ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். டிராம் வோல்டேஜ் 1.5. பழைய 1.65 வோல்ட் ரேம் செட்டா இருந்தா இந்தச் சிப்போட சேர்க்காதீங்க. அப்பவும் எரர் வந்தா 1333-லயே விட்டுடுங்க. எரர் அடிக்கிற 1600-ஐ வச்சு என்ன பண்ண?

பதில் 2:
சும்மா இருக்கும்போது ஃப்ரீஸ் ஆகறதுக்குக் காரணம் எல்எல்சி அமைப்பா இருக்க வாய்ப்பு அதிகம். எல்எல்சி உச்சத்துல இருந்தா லோடுல வோல்டேஜ் சரியறது குறையும். அதனால 1.32 கிடைக்க ஆஃப்செட்டை மைனஸ்ல வச்சிருப்பீங்க. அந்த மைனஸ் ஐடில்லயும் (சும்மா இருக்கும்போதும்) கழியும். மல்டிப்ளையர் 16-க்கு இறங்கும்போது சிப்புக்கு வோல்டேஜ் பத்தாது.

உறுதி பண்ண, பயாஸ்ல சி1இ-ஐ (சும்மா இருக்கும்போது சிபியூ வேகத்தையும் வோல்டேஜையும் குறைக்கற வசதி) ஆஃப் பண்ணிட்டு விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க. ஃப்ரீஸ் நின்னா இதுதான் காரணம். அப்புறம் எல்எல்சியை ஒரு படி இறக்கி, லோடு வோல்டேஜ் பழைய அளவுக்கு வர்ற வரை ஆஃப்செட்டை 0.005 வீதம் ஏத்துங்க. லோடுல அதே வோல்டேஜ், ஐடில்ல கூடுதல்.

கேட்டவர்:
ஃப்ரீஸ் நின்னுடுச்சு. ரேம் 1333-ல வச்சிருக்கேன். ஆனா 45-ல பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி (சிபியூவை மட்டும் அழுத்தற சோதனை) ஓட்டினா ஒரு வொர்க்கர் (ஒரு கோர்ல ஓடற சோதனை) எரரோட நின்னுடுது. ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸோட பதிவேடு) வீயா-லாகர் 19-ங்கிற ஹார்டுவேர் எரர் பதிவு வரிசையா வருது.

பதில் 2:
19-ங்கிறது சிப் தானே திருத்திக்கிட்ட எரர். திருத்த முடியாதப்போதான் 124 நீலத்திரை வரும், அதனால இதை முன்னெச்சரிக்கையா எடுத்துக்கோங்க. வருஷக்கணக்கா அதிக வோல்டேஜ்லயும் சூட்டுலயும் ஓடின சிப் அதே வேகத்துக்கு முன்னைவிடக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். கேட்கக் கேட்கக் கொடுத்தா இன்னும் சீக்கிரம் தேயும். ஏர் கூலர்ல தினசரி ஓட்டத்துக்கு 1.35-ஐத் தாண்ட வேண்டாம்.

மல்டிப்ளையர் 42-க்கு இறங்குங்க. கிளாக்ல ஏழு சதவீதம்கூடப் போகாது. ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம், அடுத்து பிளெண்ட் (ரேமையும் சேர்த்து அழுத்தற பிரைம்95 சோதனை) ராத்திரி முழுக்க. அப்புறம் ஈவென்ட் வியூவர்ல 19 இருக்கான்னு பாருங்க. நீலத்திரை வரலைன்னு மட்டும் வச்சு ஸ்டேபிள்னு சொல்லிடாதீங்க.

பதில் 3:
பவர் சப்ளையை யாரும் தொடலையே. சாஃப்ட்வேர் காட்டற 12 வோல்ட் ரீடிங்கை நம்பாதீங்க. சும்மா தொங்கற மோலெக்ஸ் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சு, பிரைம்95-ஐயும் ஃபர்மார்க்கையும் (கிராஃபிக்ஸ் கார்டுக்கு லோடு கொடுக்கற சாஃப்ட்வேர்) சேர்த்து ஓட்டிப் பாருங்க. 11.4-க்குக் கீழ போனா மாத்தற நேரம் வந்தாச்சு. நீலத்திரையே இல்லாம பட்டுனு ரீஸ்டார்ட் ஆகி, ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 பதிவுல பக்செக் கோடு (நீலத்திரை எண்) 0-ன்னு இருந்தா, சிபியூவுக்கு முன்னாடி பவர் சப்ளையையும் விஆர்எம்-ஐயும் (போர்டுல சிபியூவுக்கு வோல்டேஜ் கொடுக்கற பகுதி) சந்தேகப்படுங்க. டவர் கூலர் காத்து விஆர்எம் ஹீட்சிங்க் மேல சரியாப் படாது. அங்க படிஞ்ச தூசியைத் தட்டுங்க.

கேட்டவர்:
42-ல பிளெண்ட் ராத்திரி முழுக்க ஓடுச்சு, 19 ஒண்ணுகூட இல்ல. மீட்டர் லோடுல 11.87 காட்டுது. கேம் மட்டும் ஒண்ணு திறக்கும்போதே மூடிக்குது.

பதில் 1:
11.87 பயப்படற அளவில்ல. ரேம் எரரோட ஓடின நாள்ல டிஸ்க்குல தப்பா எழுதியிருக்கும். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலைச் சரிபண்ற கட்டளை) ஓட்டுங்க, கேம் லாஞ்சர்ல ஃபைல் வெரிஃபை கொடுங்க.