சஃபான் பாதையின் இருட்டுச் சுரங்கத்தில் அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது என்ன?

கோடைமிதி:

வால் தெ சஃபான் பழைய ரயில்பாதையில் சைக்கிளில் போனவர்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. போகாதவர்கள் ஸ்பெயினின் வரைபடத்தில் டோர்ட்டோசாவுக்கு மேற்கே பாருங்கள். ஏப்ரல் மாதம், வார நாள், தனியாகப் போயிருந்தேன். ஆர்னெஸ் நிலையத்தில் தொடங்கி ஓர்த்தா, போட் வரைக்கும் திராட்சைத் தோட்டமும் ஆலிவ் மரமும்தான். போட் தாண்டியதும் கனலெடெஸ் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பாதை சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம் என்று பிடிவாதமாக அதன் கூடவே போகிறது. கார் சத்தம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே மறந்துவிடும்.

எத்தனையாவது சுரங்கம் என்று எண்ணவில்லை. உள்ளே வளைந்து போகிற சுரங்கம்; நுழைந்த வாயும் தெரியாது, வெளியேறும் வாயும் தெரியாது. விளக்கு எரியவில்லை. என் முன்விளக்கு கடையில் மலிவாக வாங்கியது, முன்சக்கரத்துக்கு அப்பால் அதற்கு அக்கறை கிடையாது. நடுவில் எங்கோ ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. பிரேக் பிடித்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர், விளக்கில்லாமல், இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே எனக்கு எதிராக நடந்து வந்தார். வெளிச்சத்துக்காகக் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். உள்ளங்கை முழுக்கக் கரி. ரயில் நின்று அரை நூற்றாண்டு ஆகிறது, சுவர் இன்னும் கரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏதோ கேட்டார். எனக்கு ஸ்பானிஷ் காப்பி வாங்கும் அளவுக்குத்தான். 'சி, சி' என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரில் ரயில் ஊழியர்கள் ஒதுங்குவதற்காக வைத்திருக்கும் மாடத்துக்குள் போய் நின்றுகொண்டார். நான் மிதித்துவிட்டேன். ஃபோன்ட்கால்டா ஊற்றுக்குப் பிரியும் இடத்தில் தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது: நடந்துகொண்டிருந்த மனிதர் என் பதிலைக் கேட்டுவிட்டு நின்றார். எதற்கு ஆமாம் என்று சொன்னேன்? திரும்பிப் போகவும் இல்லை. யாருக்காவது இதுபோல் நேர்ந்திருக்கிறதா?

நடுச்சக்கரம்:

விளக்கு எரியவில்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். போட் பக்கத்துச் சுரங்கங்களில் நான் போனபோது விளக்கு இருந்தது. சில குட்டைச் சுரங்கங்களில்தான் இல்லை, அவற்றில் தேவையும் இல்லை.

எனக்கு நேர்ந்தது ஆடுகள். சுரங்கத்துக்குள் முதலில் மணிச்சத்தம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று பிடிபடவில்லை; சுவரே மணி அடிப்பதுபோல இருந்தது. பிறகு பச்சைப் பச்சையாய்க் கண்கள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். நீங்கள் சொல்லும் அதே மாடத்துக்குள் சைக்கிளைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் ஆடு நின்று என் பின்கேரியர் பையின் வாரைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் வந்த மேய்ப்பரிடமும் விளக்கு கிடையாது. ஆகவே அந்த ஊர்க்காரர்களுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. உங்கள் பெரியவரும் அப்படித்தான். இதில் வருந்த என்ன இருக்கிறது?

பாறுநிழல்:

சஃபானை அமைதி என்கிறீர்கள். விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள், குழந்தைகளும் வாடகை சைக்கிள்களும் வரிசை கட்டும். அமைதி வேண்டுமென்றால் ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவுக்குப் போக வேண்டும். ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர், 30 சுரங்கம், நான்கு உயர்பாலம். இதில் வேடிக்கை, அந்தப் பாதையில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை. 1920களில் கட்ட ஆரம்பித்து, சுரங்கமெல்லாம் குடைந்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே சுவரைத் தொட்டால் கையில் கரி ஒட்டாது.

ஸஃப்ராமகோன் என்ற பாறைக்குன்றுக்குக் கீழே பாதை போகிறது. பாறுக் கழுகுகள் நூற்றுக்கணக்கில் அடையும் இடம். பகல் பதினொரு மணி, வெயில். உயர்பாலத்தின் நடுவில் நிறுத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என் கைமேல் ஒரு நிழல் ஏறி, ஹேண்டில்பாரைக் கடந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மடிந்து இறங்கியது. நிமிர்ந்தால் அது எனக்கு மேலே இல்லை, எனக்குக் கீழே பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகை நான் பார்த்தேன். கழுகின் முதுகைப் பார்க்கும் உயரத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பில் ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். இன்றும் ஆரஞ்சு உரித்தால் கை ஒரு நொடி நிற்கிறது.

மூன்றாம்கியர்:

எனக்குப் பெனிஃபலெட் நிலையத்துக்கு அருகில் பஞ்சர். ஊர் ஆற்றுக்கு அக்கரையில், மாற்று டியூப் அறையில். ஒரு பெண்மணி தம்முடையதைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்காமல் போய்விட்டார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியிருப்பதைப் படித்தால் கவலையாக இருக்கிறது. கோடைமிதி தம்பி, மலிவு விளக்கோடு அந்தப் பாதைக்குப் போகலாமா? சஃபானின் மேல்பகுதியில் மட்டும் 20 சுரங்கம் இருக்கிறது. ஹேண்டில்பாரில் ஒரு விளக்கு, தலைக்கவசத்தில் ஒரு விளக்கு, இரண்டும் வேண்டும். வளைவில் ஹேண்டில்பார் விளக்கு சுவரைத்தான் காட்டும், நாம் பார்க்கும் பக்கம் திரும்புவது தலைவிளக்கு மட்டுமே. சுரங்க வாய்க்கு இருபது அடி முன்னாலேயே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்; உள்ளே போய்க் கழற்றுகிறவர்கள்தான் சுவரில் உரசிக்கொள்கிறார்கள். பின்னால் சிவப்பு விளக்கு மறக்காதீர்கள். எதிரில் ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். அந்தப் பெரியவர் ஏன் முகத்தை மறைத்தார்?

அடுத்து திசை. எப்போதும் ஆர்னெஸிலிருந்து டோர்ட்டோசாவுக்குத்தான் இறங்க வேண்டும். ரயிலுக்காகப் போட்ட சரிவு, ஆகவே எங்கும் செங்குத்தில்லை. ஆனாலும் ஏறிப் போவதென்றால் நாள் முழுக்க மிதிக்க வேண்டும். அங்கே மெஸ்ட்ரால் என்று ஒரு வடமேற்குக் காற்று உண்டு. இறங்கும்போது முதுகைத் தள்ளும், ஏறும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். பார்சலோனாவிலிருந்து டோர்ட்டோசாவுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிள் ஏற்றும் வேன் பேசி மேலே போய்விடுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில். ஒல்லி டயர் வேண்டாம். வெயில் நாளிலும் மெல்லிய மேற்சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வியர்வையோடு சுரங்கத்துக்குள் நுழைந்தால் சளி பிடிக்கும். ஃபோன்ட்கால்டாவில் இறங்கிக் குளிக்கலாம், ஊற்று வெதுவெதுப்பாக இருக்கும், பாறை வழுக்கும். ஏறி வருவது கஷ்டம், அதற்குத் தெம்பு மிச்சம் வையுங்கள். டியூப் இரண்டு.

நடுச்சக்கரம்:

ஐயா, அவர் கேட்டது ஒரு கிழவரைப் பற்றி. நீங்கள் பயணப் பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். டியூபை அறையில் மறந்தவர் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

மூன்றாம்கியர்:

மறந்ததால்தான் சொல்கிறேன்.

எப்ரோக்கரை:

நான் இந்தப் பகுதியில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். முதலில் ஒன்று: அந்த மலையூர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது கட்டலான், ஸ்பானிஷிலிருந்து வேறான மொழி. கோடைமிதி அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது.

நடுச்சக்கரம் சொல்வதுபோல இருட்டு அவர்களுக்குப் பொருட்டில்லை என்று நான் நினைக்கவில்லை. இந்த ரயிலை 1891-இல் தொடங்கி, கடலோரம் சாந்த் கார்லெஸ் வரை கொண்டுபோவதாகத் திட்டம். டோர்ட்டோசாவுக்கு வந்து சேரவே 1942 ஆயிற்று, 1973-இல் மூடியும் விட்டார்கள். கடலைப் பார்க்கவே இல்லை. ஆகவே எழுபது தாண்டியவர் என்றால் சிறுவயதில் அந்த ரயிலில் ஏறியிருப்பார், நிறுத்திய பிறகு அடுத்த ஊருக்கு அதே சுரங்கம் வழியாக நடந்தும் இருப்பார். பழக்கம் வேறு, பயமின்மை வேறு. சுவரில் கை வைத்து நடந்தார் என்றால் ஏதோ அவசரம்.

ஒன்று யோசித்துச் சொல்லுங்கள். அவர் பேசியதில் 'தர்ரேரா' என்பதுபோல ஒரு சொல் வந்ததா?

கோடைமிதி:

வந்தது. கடைசிச் சொல் அதுதான். நான் அதை 'தோர்ரே' என்று கேட்டு, கோபுரம் ஏதாவது பார்த்தாயா என்கிறார் என்று நினைத்திருந்தேன். ஓர்த்தாவில் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்திருந்தேன், அதனால்தான் 'சி' என்றேனோ என்னவோ.

எப்ரோக்கரை:

அப்படியானால் 'பின்னால்' என்று அர்த்தம். உனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கேட்டிருக்கிறார்.

நடுச்சக்கரம்:

சரி, பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். விடுங்கள்.

கோடைமிதி:

நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சைக்கிள் எதுவும் வரவில்லை, அது நிச்சயம். ஆனால் அதற்கு இரண்டு சுரங்கம் முன்னால் ஓர் அம்மாவைக் கடந்தேன். பாதையோரப் புதரில் குனிந்து காட்டு அஸ்பராகஸ் ஒடித்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு கற்றை, இடுப்பில் சுற்றிய கம்பளிச் சட்டை. 'ஓலா' என்றேன், அவரும் சொன்னார். அவர் போட் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார், சுரங்கத்துக்கு முதுகைக் காட்டியபடி.